நான் தள்ளிவிட்ட தட்டு

தம்பி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்கிறார் டீச்சர். நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் இல்லை. அதனால் அதை விட்டுவிடுவோம். ஐந்து வாரமாக நீ வீட்டுப் பக்கம் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கிறாய், "சாப்டாச்சாப்பா, மாத்திரை போட்டாச்சா" என்று இரண்டு கேள்வி கேட்கிறாய், வைத்துவிடுகிறாய். கல்யாணப் பதிவுக்கு நாள் குறித்துவிட்டாய் என்பதே கோயிலில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கோபமில்லை. நான் செய்ததற்கு நீ அப்படித்தான் இருக்க முடியும்.

போனில் குரலைப் பதிந்து அனுப்பலாம் என்று மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் உன் அம்மா பெயர் வருகிற இடத்தில் நிறுத்தி அழித்துவிட்டேன். அதனால்தான் நம் வரிசையில் மூன்றாவது வீட்டு யாழ்ப்பாணத்து டீச்சரிடம் வந்து உட்கார்ந்திருக்கிறேன். "நீங்கள் சொல்லுங்கோ, நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதுறன். பேசுற மாதிரியே எழுதினா பிள்ளைக்கு வாசிக்கக் கரைச்சல், எழுத்துத் தமிழில போடுறன்" என்றார். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது ஒரு வார்த்தை மறக்காது. அது எனக்கு வாய்த்த வரம் என்று நீ சின்ன வயதில் சொல்வாய். வரம் இல்லை, தம்பி.

சுங்கைப் பட்டாணியில், நீ கட்டிக்கொள்ளப் போகிற லான் சமைக்கிற அந்த வியட்நாம் கடைக்கு என்னை நீ அழைத்துப் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து தொடங்குகிறேன். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். காரில் போகும்போது, "அப்பா, அவ மலாய் நல்லா பேசுவா, பயப்படாதீங்க" என்றாய். "நான் ஏன்டா பயப்படணும், மாமனாரு நானு, அவதான்லா பயப்படணும்" என்றேன். நீ சிரித்தாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து வருடக்கணக்காகிறது. கடைச் சுவரில் பெரிய பலகை. நான் அதையே பார்ப்பதைக் கண்டு நீயே படித்துச் சொன்னாய். "இங்க உள்ள கீரை, மீனு, கோழி எல்லாம் இந்த வட்டாரத்துல வெளஞ்சதுதாம்ப்பா. மண்ணக் கெடுக்காம வெளஞ்சது. மருந்தே அடிக்காதது." பிறகு என் முதுகைத் தட்டினாய். "நீங்க வந்து வேல கேட்டா இங்க குடுக்க மாட்டாங்க." இருபது வருடம் களைக்கொல்லி பம்பு சுமந்த முதுகு அது. நானும் சிரித்தேன்.

லானை எனக்குப் பிடித்திருந்தது. இதை முதலில் உனக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவள் அடுப்பை விட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நமக்கு எதிரே உட்கார்ந்து, நாம் சாப்பிடச் சாப்பிடத் தானும் சாப்பிட்டாள். நான் கை வைக்கும் வரை காத்திருக்கவில்லை. ஆற்று மீனை மஞ்சளும் ஏதோ ஒரு தழையும் போட்டுப் பொரித்திருந்தாள். வாழைப்பூவை நூல் நூலாக அரிந்து எலுமிச்சை பிழிந்து வைத்திருந்தாள். வாழைப்பூவைப் பச்சையாகத் தின்னலாம் என்று எழுபது வயதில் தெரிந்துகொண்டேன். "பூண்டு போடவா அப்பா, காரம் போதுமா அப்பா" என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு அப்பா. உன்னைப் பெற்ற நாளிலிருந்து நீகூட என்னை அத்தனை தடவை கூப்பிட்டதில்லை.

பிறகு அந்தத் தட்டைக் கொண்டுவந்தாள். விரல் நீளத்துக்குச் சுருட்டிச் சுட்ட இலைகள். அவர்கள் ஊரில் மாட்டிறைச்சியை வைத்துத்தான் சுருட்டுவார்களாம். எனக்காகக் கம்பத்து நாட்டுக்கோழியை அரைத்து வைத்ததாகச் சொன்னாள். அவள் கை என் முன்னால் நீண்டபோது முழங்கை வரை முள் கீறல் இருப்பதைப் பார்த்தேன். என்ன என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவளே மலாயில் சொன்னாள். இது உங்கள் பழைய தோட்டத்து இலை அப்பா, நீங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் இருந்த இடத்துக்குப் பின்னால், கால்வாய் ஓரம், நானே போய்ப் பறித்தேன் என்றாள். அதற்குப் பிறகு நீ சொல்லிக்கொடுத்த தமிழை மனப்பாடம்போலச் சொன்னாள். "அம்மா செய்வாங்க, இல்ல?"

காட்டு வெற்றிலை. மலாய்க்காரர்கள் காடோக் என்பார்கள். பார்க்க வெற்றிலை மாதிரியே பளபளவென்று இருக்கும். நான் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது நீ ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டிருந்தாய். மீதியை உன் கையிலிருந்து தட்டிவிட்டேன். தட்டைத் தள்ளினேன். "பூவாங்! பூவாங் செமுவா! கொண்டு போயி கொட்டு, இத யாரும் திங்கக் கூடாது!" பக்கத்து மேசைச் சீனக் குடும்பம் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பியது. லான்தான் மன்னிப்புக் கேட்டாள். அவளா என்னிடம் கேட்க வேண்டியது? கீழே விழுந்த இலைச் சுருள்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கினாள். நான் வெளியே போய் உன் கார் அருகில் நின்றேன்.

என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் சொன்னாய். "அவளப் புடிக்கலன்னா மொகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம்ப்பா. ஒங்களுக்காக ரெண்டு நாளு அலைஞ்சி அந்த எலையப் பறிச்சா. வியட்நாம்காரின்னா தட்டத் தள்ளுவீங்களா? எங்கம்மா இருந்திருந்தா இப்படிச் செய்ய மாட்டாங்க." கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே, "அவங்கதான் நம்மள வேணாம்னு போயிட்டாங்களே" என்றும் சொன்னாய். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மா அஞ்சலை நம்மை வேண்டாம் என்று போகவில்லை. அவள் மருந்து குடிக்கவில்லை. இருபத்தாறு வருடமாக ஊர் சொன்னது பொய். பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

நான் தோட்டத்தில் என்ன வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும். எப்படிச் செய்தேன் என்று தெரியாது. வேலை முடிந்ததும் பம்பில் மிஞ்சின மருந்தை ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய பீப்பாயில் ஊற்றிவிட வேண்டும். மருந்து அடித்த நிரையில் முதல் மரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். எழுதிப் போட்டால் எங்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வந்த பழக்கம். துணி கண்ட இடத்தில் யாரும் மாட்டை விட மாட்டார்கள், பிள்ளைகளை விளையாட விட மாட்டார்கள், கீரை கிள்ள மாட்டார்கள். உன் அம்மாவுக்கு அந்தத் துணி சாமி வாக்கு மாதிரி. தூரத்தில் சிவப்பாக ஒரு பழைய பிளாஸ்டிக் பை தொங்கினாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

அன்றைக்கு அடுத்த தோட்டத்தோடு பந்து விளையாட்டு. நாற்பது வயதைத் தாண்டியும் கோல் காக்கிற கோலி நான்தான். சாயங்காலம் வேலை முடிந்தபோது பம்பின் அடியில் கெட்டியாகக் கொஞ்சம் மருந்து மிஞ்சியிருந்தது. ஸ்டோர் ஒரு மூலை, திடல் ஒரு மூலை. ஸ்டோருக்குப் போய்த் திரும்பினால் விளையாட்டு தொடங்கிவிடும். லயத்துக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் புல் முட்டியளவு நின்றது. சும்மா கொட்டினால் வீண்தானே, அடித்துவிட்டால் புல்லும் சாகும், பாம்பும் வராது என்று கரை முழுவதும் அடித்து முடித்துவிட்டேன். நல்ல காரியம் செய்கிறோம் என்றுகூட நினைத்தேன். சட்டைப் பையில் சிவப்புத் துணி இருந்தது. எடுத்தேன். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் அந்த வழியாக வந்தால், இங்கே யார் உன்னை அடிக்கச் சொன்னது, ஸ்டோருக்கு ஏன் வரவில்லை என்று கேட்பான். துணியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு திடலுக்கு ஓடினேன். வீட்டுக்குப் போனதும் அஞ்சலையிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது.

ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். குடித்தேன். வீட்டுக்கு வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் படுத்தேன். விடியற்காலை அவள் எழுப்பி, "பெரட்டுக்கு மணியாச்சி, எந்திரிங்க கோலி தொர" என்று கேலி செய்தாள். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு மலைக்காட்டுக்குப் போய்விட்டேன். அப்போதும் சொல்லவில்லை. அப்போது மறந்தேபோய்விட்டேன், தம்பி. அதுதான் உண்மை.

அந்த மருந்து வெயில் பட்டால்தான் வேலை செய்யும். வெயில் ஏறுவதற்கு முன்னால் இலை பச்சைப் பசேலென்று நிற்கும். நான் ஜெயித்துவிட்டு வந்தவன் அல்லவா, எனக்குப் பிடித்ததைச் செய்ய வேண்டும் என்று விடிந்தும் விடியாமல் அவள் பின்னால் கால்வாய்க் கரைக்குப் போய்க் காட்டு வெற்றிலை பறித்திருக்கிறாள். துணி இல்லாத இடம். பொடியாக அரிந்து, நெத்திலியும் தேங்காய்ப்பூவும் போட்டுப் புரட்டிவைத்தாள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு வாய் வைத்துக் கசக்கிறது என்று துப்பினாயாம். திட்டிவிட்டு உனக்கு முட்டை பொரித்துக் கொடுத்திருக்கிறாள். அந்த முட்டை உனக்கு நினைவிருக்கும். முட்டைக்காக அன்றைக்கு நீ வேண்டுமென்றே துப்பினாயோ என்னவோ, உன்னை அது காப்பாற்றியது.

அவள் சாப்பிடவில்லை. என் அம்மாவும் அப்படித்தான், அவள் அம்மாவும் அப்படித்தான், புருஷன் சாப்பிடாமல் பெண்கள் சாப்பிட மாட்டார்கள். எனக்காகக் காத்திருந்தாள். நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். "அண்ணே, அந்தப் பந்த நீங்க புடிச்சீங்களா, இல்ல அது பாவம் பாத்து ஒங்க நெஞ்சில வந்து விழுந்துச்சா?" என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரிக்க, சோறும் அங்கேயே வாங்கிக் கொடுத்தார்கள். நான் வர மாட்டேன் என்று தெரிந்தபின், மூன்று மணிக்கு மேல், பசி பொறுக்காமல் அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். எனக்கு எடுத்துவைத்த பங்கையும் ஆறிப்போகிறதே என்று சேர்த்துச் சாப்பிட்டுவிட்டாள்.

நான் வரும்போது கால்வாய்க் கரை கருகிக் கிடந்தது. அடுப்படியில் காம்புகள் கிடந்தன. "எங்க பறிச்ச?" என்றேன். "பின்னாடிதான். ஏன், ஒங்களுக்கு மிச்சம் வைக்கலன்னு கோவமா?" என்று சிரித்தாள். "ஒண்ணுமில்ல" என்றேன். அந்த நிமிடம் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கலாம். கழுவியிருப்பாள், கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் அவள் வாய் புண்ணாகி எச்சில் விழுங்க முடியவில்லை. மூன்றாம் நாள்தான் தோட்டத்து லாரியில் ஏற்றினோம். உள்ளே போனது கொஞ்சம்தான், அந்த மருந்துக்குக் கொஞ்சம் போதும் என்றார் டாக்டர். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். சோறும் கருவாடும் என்றேன்.

மருந்தடிக்கிறவன் பெண்டாட்டி, புருஷன் குடிகாரன், மருந்து உடம்புக்குள் போயிருக்கிறது. மூன்றையும் சேர்த்து எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். வயதான நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி, தமிழ்ப் பெண், கட்டில் பக்கத்தில் நின்று, "சின்னப் புள்ளய வச்சிக்கிட்டு ஏம்மா இப்படிப் பண்ணிக்கிட்ட?" என்று கேட்டாள். உன் அம்மாவால் பேச முடியவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். உதடு "குடிக்கல, குடிக்கல" என்று அசைந்தது. பிறகு என்னைப் பார்த்தாள், நீங்கள் சொல்லுங்கள் என்பதுபோல. நான் தரையைப் பார்த்தேன். பதினோராம் நாள் போய்விட்டாள். அவள் என்னிடம் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான், நான் கொடுக்காததும் அதுதான்.

விசாரிக்க வந்தவர்கள் வீட்டில் சண்டை உண்டா என்றார்கள். உண்டு என்றேன். அது பொய்யில்லை. அவர்கள் எழுதி மலாயில் படித்துக் காட்டினார்கள். மனைவி தானாகக் குடித்துவிட்டாள் என்று எழுதியிருந்தது எனக்குப் புரிந்தது. புரியாதவன்போல நின்றேன். மையைத் தடவிக் கட்டைவிரலைப் பிடித்து வைத்தார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடு போகும், என்னை உள்ளே தூக்கிப் போட்டால் உன்னை யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் எந்தக் காரணமும் இல்லை. பயம் மட்டும்தான்.

அந்தப் பொய்யை நான் சுமக்கவில்லை, நீதான் சுமந்தாய். பள்ளிக்கூடத்தில் "மருந்து குடிச்சவ மகன்" என்று கூப்பிட்டார்கள் என்று ஒருவனை அடித்து மண்டையை உடைத்துவிட்டு வந்தாய். அதற்கு உன்னை நான் பிரம்பால் அடித்தேன். பன்னிரண்டு வயதில் ஒருநாள் சோற்றில் கை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாய். "அப்பா, அம்மாவுக்கு எம்மேல என்ன கோவம்? அன்னைக்கு நான் துப்புனேனே, அதுக்கா?" தம்பி, அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "பேசாம தின்னு" என்றேன். நீ தின்றாய். அதற்குப் பிறகு நீ அம்மாவைப் பற்றி என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. லானிடம்தான் சொல்லியிருக்கிறாய், அம்மா செய்கிற இலைக் கறியைப் பற்றி. அவ்வளவு நாள் அந்தக் கசப்பை நீ ஞாபகம் வைத்திருந்தாய் என்று அந்தத் தட்டு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இங்கே டீச்சர் பேனாவை வைத்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "இதை வேற யாருக்கும் சொல்லியிருக்கிறீங்களோ?" என்றார். "நீங்கதான் மொத ஆளு" என்றேன். அவர் அடுத்த தாளை எடுத்தார்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற உனக்குப் புத்தி சொல்லுகிற தகுதி எனக்கில்லை. ஆனாலும் இரண்டைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டில்தான் என் வீடு போனது. சின்னத் தப்பாக இருக்கும்போதே அவளிடம் சொல்லிவிடு. துணியைப் பையில் வைத்தது சின்னத் தப்பு, சொல்லியிருந்தால் இரண்டு வசவோடு போயிருக்கும். இன்னொன்று, அவளைச் சாப்பிடக் காக்க வைக்காதே. அவள் நம்மோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்து என் மனம் குளிர்ந்தது என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இப்போது உனக்குத் தெரியும்.

போன வாரம் பஸ் ஏறி சிடாம் கிரிப் பக்கம் இறங்கி நம் பழைய தோட்டத்துக்கு நடந்து போனேன். லயம் இல்லை. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. கால்வாய் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. கரையில் காட்டு வெற்றிலை முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது, நடுவில் முள். அந்த முள்ளுக்குள்தான் லான் கையை விட்டிருக்கிறாள். எத்தனையோ மழை அந்த மண்ணைக் கழுவிவிட்டது என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் ஒரு இலையைக் கிள்ளி, வெயிலில் வெகுநேரம் வைத்துப் பார்த்தேன். கருகவில்லை. அங்கேயே உட்கார்ந்து அதைத் தின்றேன். கசந்தது. நீ சொன்னது சரிதான், அது கசக்கத்தான் செய்கிறது. மூன்று நாள் காத்திருந்தேன். வாயில் ஒரு புண் இல்லை. லானிடம் சொல், அவள் பறித்த இலையில் எந்தக் குற்றமும் இல்லை. அவள் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், அதில் என் கண்ணுக்கு வேறொரு தட்டு தெரிந்தது. அவள் பொறுக்கியதெல்லாம் நான் பொறுக்க வேண்டியது.

இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே. அவளுக்கு மலாயில் சொல்லிக்காட்டு. தோட்டத்திலிருந்து வந்து டவுனில் இருக்கிற நம் ஆட்கள் யார் கேட்டாலும் படித்துக்காட்டு. கல்யாணத்துக்கு நான் வரலாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். வா என்றால் வருகிறேன். எல்லோர் முன்னிலும் எழுந்து நின்று அஞ்சலை மருந்து குடிக்கவில்லை என்று என் வாயால் சொல்லிவிட்டுப் பிறகுதான் உட்காருவேன். வராதே என்றால் வீட்டிலேயே இருக்கிறேன். அதற்கும் உனக்கு உரிமை உண்டு. ஆனால் ஒன்றை மட்டும் இனி உன் மனதில் வைத்திருக்காதே. அவளுக்கு உன்மேல் கோபமே இல்லை. ஆஸ்பத்திரியில் வாய் திறக்க முடியாத நாளிலும் கையைத் தரையிலிருந்து இவ்வளவு உயரம் காட்டி, பையன் எங்கே என்றுதான் கேட்டாள். உன்னை உள்ளே விட மாட்டார்கள் என்று நான்தான் வெளியே நிறுத்தியிருந்தேன்.

முடித்தபிறகு, கையெழுத்துப் போடத் தெரியுமா என்று டீச்சர் கேட்டார். தெரியும், பேங்குக்குப் போவதற்காக நீ எனக்குப் பெயர் எழுதக் கற்றுக் கொடுத்தாய், மூன்று எழுத்தும் கோணலாக வரும். ஆனால் அது வேண்டாம் என்றேன். டீச்சரிடம் மைப்பெட்டி இல்லை, பேனாவைக் கழற்றி மையைத் தடவிவிட்டார். உன் அம்மாவைப் பற்றி எழுதிய பொய்க்குக் கீழே வைத்த அதே வலது கட்டைவிரலை, இதோ, இதற்குக் கீழே வைத்திருக்கிறேன்.